தனுஷ்கோடி வெளியேறினார்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று காலை 11.40 மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து வெளியேறினேன். தவறுதலாக.

பின்னால் யாராவது கேட்டால் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடமாக டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி எழுதி, எழுதாத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

போனில் இடமில்லை என்று ஒரு வாரமாக அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. "கண்டதை அழிங்க" என்றாள் என் மனைவி இந்திராணி. பழனி வண்டியை அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினேன். காலை வணக்க ரோஜாக்கள் இருநூறுக்கு மேல். பூனைகள். யாருக்கோ ரத்தம் தேவை என்று மூன்று வருடமாகச் சுற்றிவரும் ஒரு செய்தி. அழித்துக்கொண்டே வந்தபோது 'வெளியேறு' என்று சிவப்பில் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் படங்களெல்லாம் வெளியேறும் என்று நினைத்தேன். "நிச்சயமாகவா?" என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை அதே குழுவில் என் தங்கை அமிர்தவல்லி அவள் மகள் ஓவியாவின் கல்யாணப் பத்திரிகையைப் போட்டிருந்தாள். செப்டம்பர் 14, தேனியில் கல்யாணம். "நேரில் வந்து அழைத்ததாக எண்ணி அனைவரும் வரவும்" என்று கீழே எழுதியிருந்தாள். அந்த அனைவரில் நானும் ஒருவன். ஓவியாவுக்கு நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வருபவன் தாய்மாமன்தான். அறுபத்து மூன்று பேரோடு சேர்த்து அவனையும் போனில் ஒரே தட்டலில் அழைத்திருக்கிறாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதே நாள், மாலை

யாராவது வெளியேறினால் இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். எங்கள் குழுவின் அட்மின் பெரியப்பா மகன் சங்கிலி அண்ணன். அவருக்கு மட்டும் தெரிவதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். 11.46க்கே போன் வந்துவிட்டது.

"ஏய் கோடி, என்னப்பா இப்படிப் பண்ணிட்ட?"

"போன்ல எடமில்லண்ணே. தெரியாம அமுக்கிட்டேன்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "புரியுதுப்பா. நல்லாவே புரியுது. நான் யார்ட்டயும் சொல்லல" என்றார்.

12.10க்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினோரு அழைப்புகள். போனில் இடமில்லை என்று பதினோரு பேரிடமும் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. கம்பத்துச் சின்னம்மா, "எடமில்லைங்கிறியே, அதுல எம்புட்டு அர்த்தம் இருக்கு! மனசுல எடமில்லைன்னு தானே சொல்ற" என்று அழுதார். இல்லை சின்னம்மா, போனில்தான் என்றேன். "அதான், அதான்" என்றார்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் எனக்கு ஆதரவாகக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். ஒருவரை எனக்கு யாரென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அமிர்தத்தின் வீட்டுக்காரர் கோதண்டம் குழுவில் ஏதோ எழுதிவிட்டு உடனே நீக்கிவிட்டாராம். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் நிற்கிறதாம். அதை நீக்குவதற்கு முன் படித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

முதல் ஆள்: "போறவங்க போகட்டும்னு போட்டிருந்தாருண்ணே."

இரண்டாம் ஆள்: "ஆள் இல்லாட்டி கல்யாணம் நிக்காதுன்னு போட்டிருந்தாரு."

மூன்றாம் ஆள், கம்பத்துச் சின்னம்மா: "அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மதியம் வத்தலக்குண்டு கண்டக்டர் ஒருவர் சில்லறை விஷயமாக ஏதோ கேட்டார். அவரைச் சத்தம் போட்டுவிட்டேன். வெயில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அமிர்தம் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்திராணி இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். போனைக் கொஞ்சம் கொடு, மணி பார்க்க வேண்டும் என்றேன்.

"சுவத்துல கடிகாரம் தொங்குது."

"அது நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டு."

"குரூப்பு பாக்கணும்னா குரூப்பு பாக்கணும்னு சொல்லுங்க. ஆனா மெம்பரா இல்லாதவுகளுக்குக் காட்டக்கூடாதாம். சங்கிலி மாமா ரூல் போட்ருக்காக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு போனைப் போட்டு அமிர்தத்துக்கிட்ட பேசிருங்களேன். ஓவியா உங்க மடியில உக்காந்து காது குத்துன பொண்ணு" என்றாள்.

போன் போடுவதில் என்ன இருக்கிறது? போடலாம். ஆனால் யார் முதலில் போடுவது என்று ஒன்று இருக்கிறதே. பத்திரிகையை அனுப்பியவள் அவள். படித்தேன் என்பதற்கு நீல டிக் போயிருக்கிறது. என் பக்கத்து வேலை முடிந்தது.

அமிர்தம் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரங்கள்: காலை 5.52, 7.30, 10.05, மதியம் 2.40, மாலை 6.15. இதைக் குறித்து வைப்பது வெறும் தொழில் பழக்கம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஸ்டாண்டுக்குப் புது வண்டி ஒன்று வந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அழகாக இருந்ததால் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

முதலில் பார்த்தது அமிர்தம். வைத்த இரண்டாவது நிமிடம்.

மதியத்துக்குள் சங்கிலி அண்ணன் கூப்பிட்டார். "காலி பஸ்ஸு படம் போட்ருக்கியே கோடி. ஒரு ஆள்கூட உள்ள இல்ல. பாத்தவுடனே நெஞ்சு வலிச்சிருச்சுப்பா." புது வண்டி அண்ணே, இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை என்றேன். "தனியா நிக்கிறேங்கிற. புரியுது."

மூன்று மணிக்கு அமிர்தம் ஸ்டேட்டஸ் வைத்தாள். அடுப்பில் இட்லிக் கொப்பரை, அதன் மேல் ஆவி. அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. கம்பத்துச் சின்னம்மா போன் செய்து, "கொதிக்கிறாளாம்" என்றார்.

மூன்று மணிக்கு யார் இட்லி அவிப்பார்கள்? கல்யாண வீடு. வருகிறவர்கள் போகிறவர்கள் இருப்பார்கள். நான்தான் போகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை 8.50. தற்செயலாக அமிர்தத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவள் பெயருக்குக் கீழே 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. நான் அசையவில்லை. எழுத்து நின்றது. திரும்ப வந்தது. நின்றது. திரும்ப வந்தது. ஆறு நிமிடம். நானும் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. அவள் ஆன்லைனிலிருந்து போய்விட்டாள்.

நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கண்டக்டர், டிரைவர், பின்னால் பத்துப் பதினைந்து பயணிகள். "சார், 8.52 வத்தலக்குண்டு. கையெழுத்துப் போடுங்க சார்" என்று கண்டக்டர் நோட்டை நீட்டிக்கொண்டிருந்தார். 8.56.

இருபத்தாறு வருடத்தில் என்னால் ஒரு வண்டி தாமதமானது இதுதான் முதல் தடவை. காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சின்னாளபட்டிக்குச் சும்மா போய் வந்தேன். காற்றாட. அங்கே கடைகள் நிறைய இருப்பதால் ஒரு கடையில் ஏறினேன். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் சேலை எடுப்பதென்றால் இப்போது என்ன மாதிரி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டேன். கடைக்காரர் பதினெட்டுச் சேலை விரித்தார். அத்தனையும் விரித்த பிறகு வெறுங்கையோடு எழுந்து வருவது நாகரிகமில்லை.

மயில் கழுத்து நிறம். பையை பீரோவின் மேல் வைத்திருக்கிறேன். இந்திராணி பார்க்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பீரோ மேல் இருந்த பை பீரோவுக்குள் போயிருக்கிறது. உள்ளே ரவிக்கைத் துணியும் ஒரு டஜன் வளையலும் கூடச் சேர்ந்திருக்கின்றன. நாங்கள் இருவரும் இது பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 3, புதன்

போனில் மறுபடியும் இடமில்லை. வேறு எதையும் அழுத்திவிடாமல், ஒவ்வொருவர் பக்கமாகப் போய் பழைய வீடியோக்களை மட்டும் அழித்தேன். அமிர்தத்தின் பக்கத்தில் மேலே மேலே போனேன். ஓவியா வேலைக்குச் சேர்ந்த படம். அமிர்தம் ஊறுகாய் போடும் வீடியோ. அதையெல்லாம் அழிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம் வந்தது. இந்த வீட்டின் புதுமனை புகுவிழாப் பத்திரிகை. அதைப் படம் எடுத்து அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறது: "வேலை அதிகம். நேரில் வந்து அழைத்ததாக நினைத்துக்கொள்ளவும்."

அனுப்பியவன் நான். நேரம் மதியம் 1.12.

அவள் பதில் 1.13க்கு. "நீ கூப்புடணுமாண்ணே? பால் காய்ச்சுற பாத்திரம் நான்தான் கொண்டு வருவேன். வேற யார்ட்டயும் சொல்லிறாத."

முதல் நாள் மாலையே வந்துவிட்டாள். சமையல்காரர் வர நேரமானபோது நாற்பது தேங்காய் துருவினாள். விரலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு துருவினாள். நான் அன்று வாசலில் நின்று மற்றவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

பேட்டரி பதினொரு சதவீதம்தான் இருந்தது. போனை அணைத்துவிட்டேன்.

ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று இந்திராணி கேட்டாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். அவள் வைத்திருந்தது ரசம்.

செப்டம்பர் 4, வியாழன்

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

6.30 தேனி வண்டி. போன் செய்துவிட்டுப் போனால் அது சமாதானம் பேசப் போவது. சொல்லாமல் போனால் சும்மா போவது. ஆகவே சொல்லவில்லை. இந்திராணி சேலைப் பையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று கேட்கவுமில்லை.

7.34க்கு வத்தலக்குண்டு. வண்டி அங்கே பத்து நிமிடம் நிற்கும். டீக்கு இறங்கினேன். எதிர்ப் பக்கத்தில் தேனியிலிருந்து திண்டுக்கல் போகிற வண்டி நின்றது. அது 7.30க்கு வந்து 7.40க்குக் கிளம்பும். அதன் மூன்றாவது ஜன்னலில் ஒரு எவர்சில்வர் தட்டு தெரிந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. தட்டைப் பிடித்திருந்த கையில் அமிர்தத்தின் கடிகாரம். பக்கத்தில் கோதண்டம், பட்டு வேட்டி கசங்காமல் இருக்க விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

நான் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

"எங்க போற?" என்றேன் ஜன்னலுக்குக் கீழே நின்று.

"உன் வீட்டுக்குத்தான். நீ எங்க போற?"

"உன் வீட்டுக்கு."

கோதண்டம் எழுந்து, "மச்சான்" என்றார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

அமிர்தம் தட்டோடு இறங்கினாள். இறங்கியதும் படபடவென்று பேசினாள். "தப்புதாண்ணே. நீ அன்னைக்கி மெசேஜுல கூப்பிட்டப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அதனால உனக்கும் தோணாதுன்னு நெனச்சுட்டேன். ஆனா நீ வெளிய போனப்ப ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம்ல? அறுபது பேரு எனக்கு போன் பண்ணி உன் அண்ணனுக்கு என்ன செஞ்சேன்னு கேக்குறாக."

"நான் தவறுதலாத்தான் அமுக்குனேன்" என்றேன்.

"சத்தியமா?"

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க நின்றுகொண்டிருந்தோம். "போன் நிச்சயமாகவான்னு கேட்டுச்சு" என்றேன். "ஆமான்னுட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அழுதது, அவள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கோதண்டம்.

"மச்சான், நான் குரூப்புல போட்டதைத் தப்பா நெனச்சுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சத்தியமா அது உங்களுக்கில்ல. தயிர் அரை லிட்டர் வாங்கிட்டு வான்னு இவளுக்கு அனுப்ப வேண்டியது. குரூப்புல விழுந்துருச்சு. கல்யாண வீட்டுல அரை லிட்டர் தயிரான்னு சிரிப்பாகளேன்னு அழிச்சுட்டேன்."

அரை லிட்டர் தயிரை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்திருக்கிறார்கள். அதில் கம்பத்துச் சின்னம்மா வாயால் சொல்லக்கூட மாட்டேன் என்றார்.

"அன்னைக்கி ஆறு நிமிஷம் என்ன டைப் பண்ணின?" என்று அமிர்தத்தைக் கேட்டேன்.

"நீயும் பாத்துக்கிட்டா இருந்த?" என்றாள். "கோவமா ஒரு பக்கம் எழுதினேன். கடைசில கை தானா 'சாப்டியாண்ணே'ன்னு எழுதிருச்சு. அதுக்கப்புறம் மேல எழுதுனது எதுவும் சரியா இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

திண்டுக்கல் வண்டிக்காரர் விசில் ஊதினார். 7.40. நான் கண்டக்டரிடம் போனேன். என்னைத் தெரியாத கண்டக்டர் அந்த ரூட்டில் கிடையாது. "தம்பி, ரெண்டு நிமிஷம்" என்றேன். அவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா சார் சொல்றீங்க?" என்றார்.

அதற்குள் இந்திராணியும் பையோடு இறங்கி வந்திருந்தாள். பெஞ்சில் நானும் அவளும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தோம். அமிர்தமும் கோதண்டமும் தட்டை நீட்டினார்கள். குங்குமம் வைத்த பத்திரிகை, அச்சடித்தது, மஞ்சள் தடவியது. "அண்ணே, மதினி, ஓவியா கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்றாள். வாங்கிக்கொண்டேன். இந்திராணி சேலைப் பையை நீட்டினாள். "உங்கண்ணன் காத்தாடப் போயி எடுத்துட்டு வந்தது" என்றாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. இரண்டு வண்டிப் பயணிகளும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பேர் வீடியோ எடுத்தார்கள். ஒரு அம்மாள் கை தட்டினார்.

திண்டுக்கல் வண்டி 7.51க்கும் எங்கள் வண்டி 7.53க்கும் கிளம்பின. அமிர்தமும் கோதண்டமும் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். கோதண்டத்தின் செருப்பு ஒன்று திண்டுக்கல் வண்டியோடு போய்விட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

சங்கிலி அண்ணன் என்னைத் திரும்பவும் குழுவில் சேர்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர் வணக்கம் போட்டார்கள். அறுபத்து மூன்று பேர் எப்படி நூற்றுப் பன்னிரண்டு ஆனார்கள் என்று கேட்டேன். "பிரச்சனை சூடா ஓடுச்சுல்ல, எல்லாரும் சேத்துவிடச் சொல்லிக் கேட்டாகப்பா" என்றார்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வீடியோ குழுவில் வந்திருக்கிறது. யாரோ எடுத்து, எங்கெங்கோ சுற்றி, கம்பத்துச் சின்னம்மா கைக்கு வந்து, 'இதைப் பாருங்கள், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பாசம், யார் பெத்த பிள்ளைகளோ' என்று எழுதி எங்களுக்கே அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேனி. மண்டபத்துக்கு அதிகாலையிலேயே போய்விட்டோம். கல்யாணம் நல்லபடி நடந்தது. முகூர்த்தம் 9.00 முதல் 10.30. தாலி கட்டியது 9.41.

அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். மணமகள் அறையிலிருந்து ஓவியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். மயில் கழுத்துச் சேலை. உள்ளங்கை சில்லென்று இருந்தது. "மாமா, கையை விட்றாதீங்க, ஹீல்ஸு" என்று காதில் சொன்னாள். மேடைக்குப் பத்தடி இருக்கும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் அவள், ஒரு கையில் மாலை.

மேடையேறப் போகும்போது வீடியோக்காரர் ஓடி வந்தார். "சாரி சார், குறுக்க எல்லாரும் செல்லைத் தூக்கிட்டாங்க. பொண்ணு முகமே தெரியல. திரும்ப ஒரு தடவை வாங்க சார்."

திரும்பிப் போய் வாசலிலிருந்து நடந்து வந்தோம். அதே பத்தடியில் அதே தண்ணீர்.

இந்தத் தடவை யாருடைய குழந்தையோ கேமராவுக்கும் எங்களுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றது. "சார், கடைசியா ஒருக்கா." கோதண்டம் ஐயரைப் பார்த்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அமிர்தம் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் செல்லை உள்ள வைங்க! எங்கண்ணன் நடக்கட்டும்!" என்று கத்தினாள். நூறு கைகள் கீழே இறங்கின. அப்போதுதான் அத்தனை பேர் முகமும் எனக்குத் தெரிந்தது. சங்கிலி அண்ணன், சின்னம்மா, எனக்கு ஆதரவாக வெளியேறிய அந்தத் தெரியாத ஆள்கூட. எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நேராக.

மூன்றாவது தடவை வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தேன். ஓவியாவும் அழுதாள். மேடைப் படியில் அமிர்தம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீடியோக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், மூணாவது டேக் செம. எத்தனையோ கல்யாணத்துல தாய்மாமன்களைப் பாத்திருக்கேன், உங்களை மாதிரி யாரும் நடிச்சதில்ல" என்றார்.

பாயசம் வந்துகொண்டிருந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு, முதலில் அவருக்கு ஊற்றட்டும் என்று அவர் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தேன்.